மெஷினை மட்டும் கேட்கும் ஹெட்போன்

ஹெட்போன் வாங்கப் போன இடத்திலெல்லாம் என்னிடம் முதலில் கேட்டது, பேரனுக்கா பேத்திக்கா என்பதுதான். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை தனக்கென்று ஒன்று கேட்பாள் என்று எந்தக் கடைக்காரருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் என்றதும், பக்திப் பாட்டுக்கு இது நன்றாக இருக்கும் என்று எதையாவது எடுத்து நீட்டுவார்கள். மெட்டல் டிடெக்டருக்கு வேண்டும் என்று சொன்னால் அத்தோடு பேச்சு நின்றுவிடும். ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

மெஷின் என் கணவருடையது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்த யாரோ விற்றுவிட்டுப் போனதை ஆசையாக வாங்கி வந்தார். நீளமான தடி, ஒரு கைப்பிடி, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம். அந்த வளையத்தை மண்ணை ஒட்டினாற்போல் இடதும் வலதுமாக வீசிக்கொண்டே நடக்க வேண்டும். அடியில் உலோகம் இருந்தால் கத்தும். திருவொற்றியூர்க் கரையில் கடல் ஊரைத் தின்னாமல் இருக்கப் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் வரிசைகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேரும். அந்த மணலில் காசு, வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு, எப்போதாவது ஒற்றைக் கம்மல் என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். எனக்கு அப்போது அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

பிறகு ஒரு காலையில் அவருக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. கையும் காலும் போயின, பேச்சு பாதி போனது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்த நான் வேலையை விட்டேன். காலடிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் தரைத்தள போர்ஷன் எங்களுடையது. ஒரு ரூம், சமைக்க ஒரு மூலை, நடைபாதையைப் பார்த்த ஒரு ஜன்னல். சாப்பாடு ஊட்டுவது, மாத்திரை, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது என்று பொழுது போனது. யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. ஆனால் தெருமுனைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்குவதற்கும் ஓட்டமாக ஓடி ஓட்டமாக வர வேண்டியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் போனில், அப்பாவை நல்லாப் பார்த்துக்கோ என்பாள். பார்க்காமல் வேறு என்ன கிழிக்கிறேன் என்று வாய் வரைக்கும் வரும். எனக்கு மூச்சு முட்டியது. அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியம் இருந்தால் மூச்சு முட்டாது என்று யார் சொன்னது?

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை அந்த இடத்தில் வேலை நகராது. குழந்தைச் சட்டைக்குள் ஒரு ஊசி நுனி போய்விட்டால் என்ன ஆவது? கைக்கு அடக்கமான ஒரு டிடெக்டரை வைத்துத் துணி, மேஜை, தரை, தைத்தவளின் முந்தானை, தலைமுடி வரைக்கும் தடவிப் பார்ப்போம். அந்த வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனாலோ என்னவோ, பரண்மேல் கிடந்த அவருடைய மெஷினை ஒருநாள் இறக்கித் தூசி தட்டினேன். வீட்டுக்குள் அதை ஆன் செய்ய முடியாது. கட்டில் இரும்பு, தரைக்குள் கம்பி, சுவருக்குள் கம்பி. எங்கே காட்டினாலும் கத்திற்று. அப்படியே தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

அதிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் எனக்கு என்று ஆயிற்று. அவருக்குக் கஞ்சி கொடுத்து, முகம் துடைத்து, வெளியே பூட்டிக்கொண்டு கிளம்புவேன். பூட்டும்போது ஒவ்வொரு நாளும் மனசு உறுத்தும். காற்று முகத்தில் பட்டதும் அது போய்விடும். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் யாரையாவது கடித்துக் குதறியிருப்பேன், அனேகமாக அவரை.

முதலில் அவருடைய பழைய ஹெட்போனையே மாட்டிக்கொண்டு போனேன். அது வயர் வைத்தது. உப்புக் காற்றில் இற்றுப்போன வயர், தோண்டுவதற்குக் குனிந்தால் கழுத்தைப் பிடித்து இழுக்கும். வீட்டிலும் கட்டு, இங்கேயும் கட்டா என்று எரிச்சல் வரும். ஹெட்போன் இல்லாமல் மெஷினைக் கத்தவிடலாம் என்றால், அலைச் சத்தமும், ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனும் அதை விழுங்கிவிடும். விழுங்காத நாளில் நாலு பேர் கூடி, தங்கமா, புதையலா என்று உயிரை எடுப்பார்கள். அதனால் மகள் ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கி அனுப்பினாள். மெஷினில் வயர் செருகும் ஓட்டையில் ஒரு சின்ன வில்லையைச் செருகினால் சத்தம் காற்றிலேயே காதுக்கு வந்துவிடும்.

அந்த ஹெட்போன் மெஷினோடும் சேரும், என் போனோடும் சேரும். அங்கேதான் பிடித்தது சனி. கணவரின் இடது கைப் பக்கம் ஒரு பட்டன் போன் வைத்திருந்தோம். ஒரே பட்டனை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி மகள் செய்து கொடுத்திருந்தாள். முன்பு பையில் அடிக்கும்போது எடுத்து வைத்துவிடுவேன். இப்போது நான் கரையில் இறங்கி நாலு வீச்சு வீசியிருக்க மாட்டேன், காதுக்குள்ளேயே மணி அடிக்கும். மெஷின் சத்தம் நின்றுவிடும். இன்னா என்பேன். ஒண்ணுமில்ல என்பார். வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் மறுபடி மணி. இன்னா? ஒண்ணுமில்ல. தண்ணீர் வேண்டும், பயமாக இருக்கிறது என்று எதையாவது சொன்னாலும் பரவாயில்லை. ஒன்றுமில்லாததற்குக் கூப்பிடுகிற மனுஷனை என்ன செய்வது? என் ஒரு மணி நேரத்தை வேண்டுமென்றே பிய்த்து எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். பொறாமை என்றும் நினைத்தேன். பூட்டிய கதவுக்குள் இருந்தே என் காதைப் பிடித்துத் திருகுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. புது ஹெட்போன் வந்த நாளிலிருந்து மெஷின் அடிக்கடி கத்தியது. அதுவும் நல்ல வெள்ளிக்குக் கத்துகிற மாதிரி மணியான சத்தம். சத்தம் கேட்ட இடத்தில் தோண்டினால் ஒன்றும் இருக்காது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறும். ஊசி நுனியையே விடாதவள் இதை விடுவேனா? கரை முழுக்கக் குழி. நாய்கள்கூட ஒதுங்கிப் போயின. ஒருநாள் அலுத்துப்போய், நின்ற இடத்திலேயே மெஷினை மெதுவாக, மிக மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். வளையம் என் வலது கால் விரலுக்கு மேல் வந்ததும் அந்த மணியான சத்தம் கேட்டது. என் மெட்டி. வேகமாக வீசும்போது வளையம் மெட்டியைத் தாண்டி இரண்டு சாண் தள்ளிப் போன பிறகுதான் சத்தம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் காலில் இருந்ததைத்தான் நான் அத்தனை நாளும் மண்ணில் தோண்டிக்கொண்டிருந்தேன். தனியாக நின்று சிரித்தேன்.

இவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. வயரில் சத்தம் பிந்தாது, ஆண்கள் காலில் மெட்டியும் இல்லை. கழற்றி வைத்துவிட்டுப் போனால் தீர்ந்தது என்று ஒருநாள் அப்படியே போனேன். கரையில் வலைக்காரர்களுக்கு டீ கொண்டுவரும் பெண் என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாக்கா, மெட்டியக் காணோம்? வூட்ல அண்ணன் நல்லாத்தானே கீது?"

எங்கள் பக்கம் புருஷன் போன பிறகுதான் மெட்டி கழற்றுவார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆக, சத்தம் பிந்தாத ஹெட்போன் வேண்டும். இரும்பு அலமாரியும் கண்ணாடியுமாக இருக்கும் கடைகள் சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிற பக்கத்துப் போர்ஷன் பெண் வீட்டில் இருந்தாள். அவளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மெஷினைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினேன். பர்மா பஜாரில் ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு என் மகள் வயது இருக்கும். பேரனுக்கா என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். கோணியைப் பிரித்ததும், எந்த ஊர் மெஷின்கா இது என்று ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்.

சத்தம் பிந்தி வருவதை லேட்டன்சி என்கிறார்கள். அது குறைவு என்று அட்டையிலேயே போட்ட ஒன்றை எடுத்து, போனில் ஒரு படத்தை ஓடவிட்டு என் காதில் மாட்டினார். உதடும் வசனமும் ஒட்டித்தான் வந்தன. எனக்குத் திருப்தி இல்லை. படம் எனக்கு எதற்கு, மெஷினில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். கடைக்குள் ஆன் செய்ததும் மெஷின் எல்லாவற்றுக்கும் கத்தியது. வெளியே நடைபாதைச் சிலாபுக்குள் கம்பி, அங்கேயும் கத்தியது. கடைசியில் ரயில்வே சுவர் ஓரமாக ஒரு மரத்தடியில் கொஞ்சம் வெறும் மண் கிடைத்தது. செருப்பைக் கழற்றி வலது காலை முன்னே நீட்டி, அதன்மேல் மெஷினை வீசினேன். வளையம் தாண்டிப் போய்த் திரும்பத் தயாரான பிறகுதான் மெட்டி கத்தியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். கடைக்காரர் ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்தார். விளையாடுகிற பசங்களுக்கானதாம், மின்னல் வேகமாம். அதுவும் பிந்தியது. போனில் படம் பார்க்கும்போது போனே சத்தத்துக்காகப் படத்தைக் கொஞ்சம் காக்க வைத்துவிடுகிறது, அதனால் நமக்குத் தெரிவதில்லை என்று அவரே தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினார். மெஷினுக்கு யாரும் காத்திருப்பதில்லை.

மூன்றாவதாக அவர் கொண்டுவந்தது காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன். அதோடு அதற்கே உரிய வில்லை ஒன்றும் இருந்தது. வில்லையை மெஷினில் செருகி வீசினேன். வளையம் விரலுக்கு மேல் வந்த அதே நொடியில் மெட்டி கத்தியது. எவ்வளவு வேகமாக வீசினாலும் விரலுக்கு மேலேதான் கத்தியது. இனி அது என் கால், இது மண் என்று பிரித்துக்கொள்ளலாம், மெட்டியைக் கழற்ற வேண்டாம். எனக்குத் திருப்தியாகிவிட்டது. திரும்ப டப்பாவுக்குள் வைக்கும்போதுதான் கடைக்காரர் சொன்னார்.

"இதுல போன் கால் வராதுக்கா. பரவால்லயா?"

"வரவே வராதா?"

"இதுக்கு உங்க மெஷின் மட்டுந்தான் தெரியும்."

அந்த நிமிஷம் எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைக்க, நான் பையை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மெட்டி, குழி, லேட்டன்சி எல்லாம் நிஜம்தான். ஆனால் நான் அத்தனை கடை ஏறி இறங்கியது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று அந்த மரத்தடியில் எனக்கே தெரிந்தது. போனை வைப்ரேஷனில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டால் கால் வருவது தெரியும் என்று அவர் நல்ல மனசோடு சொன்ன யோசனையைக் காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் மெட்டி விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்து, நல்லது என்பதுபோல் இடது கையை ஆட்டினார். போன் வராது என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை. போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, பையின் அடியில், தோண்டுகிற கரண்டிக்கும் கீழே போட்டேன். ஹெட்போனை மாட்டியதும் அலை போயிற்று, லாரி போயிற்று, எல்லாம் போயிற்று. மெஷினின் மெல்லிய ரீங்காரம் மட்டும். வீசினேன். மணி அடிக்கவில்லை. இன்னும் வீசினேன். அடிக்கவில்லை. மெட்டி தன் இடத்தில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு ஒழுங்காக அடங்கியது. சத்தம் கேட்ட இடத்தில் ஒரே குத்து, உள்ளே பித்தளைக் கொக்கி. அடுத்த குத்தில் ஈயக்குண்டு. அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் எதையும் எடுத்ததில்லை. யாருக்கும் மனைவியாக இல்லாமல், யாருக்கும் அம்மாவாக இல்லாமல், நடுவில் அறுபடாத ஒரு முழு மணி நேரம் அது. சந்தோஷமாக இருந்தேன். அதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

சந்து முனைக்கு வந்த பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்க அவர் அழைப்புதான். ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன்.

அவர் கட்டிலில் இல்லை. தரையில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து கிடந்தார். கட்டிலிலிருந்து சரிந்து ஒற்றைக் கையால் தன்னை இழுத்துக்கொண்டு அங்கே வரை வந்திருக்கிறார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. போன் கையில் இருந்தது. அடி எதுவும் படவில்லை என்று தடவிப் பார்த்துவிட்டு, பயம் தெளிந்த அடுத்த நொடியே கத்த ஆரம்பித்தேன். அப்படி என்ன தலை போகிற அவசரம் என்று கேட்டேன். அவர் வழக்கம்போல ஒண்ணுமில்ல என்றார்.

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தினி வாட்டி அடிச்ச? இன்னாத்துக்குய்யா என் உசுர எடுக்குற?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். வார்த்தையைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக வைத்தார்.

"நீதானேமே... போட சொன்ன."

எப்போது சொன்னேன் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னிக்கு என்றார். அப்போதுதான் எனக்கு வந்தது. அவரை ஆட்டோவிலிருந்து தூக்கிவந்து கட்டிலில் போட்ட அன்று, அந்தப் பட்டனை அவர் விரலால் அழுத்தவைத்துப் பழக்கியவள் நான். நான் வெளியே போனால் அப்பப்போ ஒரு போன் போடு, ஒன்றும் பேச வேண்டாம், மணி அடித்தால் நீ நல்லா இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன் என்று அழுதுகொண்டே சொன்னவளும் நான்தான். சொன்னதை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. தினமும் காலையில், பழக்கமில்லாத இடது கை விரலால் அந்தப் பட்டனைத் தேடித் தேடி அழுத்தி, தனக்கு ஒன்றுமில்லை என்று எனக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இன்று நான் எடுக்கவில்லை என்றதும், கடல்தான் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஜன்னல் வரை வந்திருக்கிறார், யாரையாவது கூப்பிட.

நான் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஹெட்போனில் போன் கேட்காது என்று அப்போது சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று இருந்தேன். அவர் முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"அப்ப... இனிமே போட வேணாமா?"

பள்ளிக்கூடத்துக்கு லீவா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். அவருக்கும் அது அவ்வளவு பேஜாராக இருந்திருக்கிறது. வேணாம் என்றேன். நிஜமாவா என்றார். நிஜமாத்தான் என்றேன். அவர் போனைத் தரையில் வைத்துவிட்டு, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். புது ஹெட்போன், காலில் மெட்டி, மணி அடிக்காத காது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கரையில் இறங்கி வீச ஆரம்பித்தேன். ரீங்காரம் மட்டும் கேட்டது. மணி அடிக்காது என்று தெரியும். ஏன் அடிக்கவில்லை என்று மட்டும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் படுத்திருக்கிறாரா, சரிந்துவிட்டாரா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா? முன்பு ஒவ்வொரு மணிக்கும் பல்லைக் கடித்தபோது, இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. மெஷின் எங்கோ நன்றாகக் கத்தியது. நான் குனியவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன்.

கதவைத் திறந்தால் அவர் பயந்துவிடுவார். அதனால் நடைபாதையில் செருப்புச் சத்தம் வராமல் வந்து, மெஷினைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். போர்வை அசைகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எக்கினேன்.

அவர் திரும்பவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"கீறேன்மே," என்றார். "போ."